கதிர்வேலின் கணினிக்குள் நான்கு நண்பகல்

1

இந்த நாட்டுக்கு நான் வந்து பதினேழு ஆண்டுகள் நிறைந்ததை என்னைவிட என் அலுவலகம் நன்றாக நினைவில் வைத்திருந்தது. திங்கட்கிழமை காலை என் மேசையில் ஒரு கேக் இருந்தது. அதன்மேல் என் பெயரை ஓர் எழுத்துக் குறைத்து எழுதியிருந்தார்கள். குடியேற்ற அலுவலகத்தின் முதற் படிவத்திலேயே விடுபட்டுப்போன எழுத்து அது. திருத்தித் தருமாறு மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்றாம் விண்ணப்பத்துக்கு வந்த விடையில் இன்னோர் எழுத்தும் குறைந்திருந்தது. அத்துடன் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. கோவைக் கிளையிலிருந்து கதிர்வேல்.

"ஏனுங்க ஜெர்மனிக்காரரே, என்ற சிஸ்டம் அசையவே மாட்டேங்குதுங்க. கொஞ்சம் உள்ள வந்து பாக்கறீங்களா?"

என் வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும். நீரேற்றும் பம்புகள் செய்யும் நிறுவனம் ஒன்றின் தலைமையகத்தில் நான் கணினி நிர்வாகி. ஊழியர் ஒருவரின் கணினி பழுதுபட்டால், இங்கே இருந்தபடியே அதற்குள் நுழைந்து சரிசெய்வேன். நுழையுமுன் அவருடைய திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றும். 'நிர்வாகி உங்கள் திரையைக் காண விரும்புகிறார். இசைகிறீர்களா?' என்று அது கேட்கும். முப்பது நொடிக்குள் விடை இல்லையெனில் தானே மறைந்துவிடும்.

இங்குள்ளவர்கள் அந்தப் பெட்டியைக் கண்டதும் "ஒரு நிமிடம்" என்பார்கள். திறந்திருக்கும் சாளரங்களை ஒவ்வொன்றாக மூடுவார்கள். பிறகே இசைவார்கள், இசைந்தபின்னும் நாற்காலியை விட்டு நகரமாட்டார்கள். கோவைக் கிளையில் பெட்டி தோன்றிய கணமே ஒப்புதல் வந்துவிடும். கூடவே, "சாப்பிட்டாச்சுங்களா?" என்ற கேள்வியும் வரும். பிறகு எழுந்து போய்விடுவார்கள். மதிய உணவுக்குப் போகும்போதுகூடக் கணினியைப் பூட்டுவதில்லை. ஒருமுறை இதைக் கதிர்வேலிடம் கண்டித்தேன்.

"பக்கத்துல நாலு பேர் உக்காந்திருக்கறப்ப பூட்டிப்போட்டுப் போனா, அவங்களச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருமுங்க. ஒரம்பரை வாசல்ல வந்து நின்னா, என்னத்துக்கு வந்தீங்கன்னு கேட்டுட்டா உள்ள விடுவாங்க?" என்றான்.

விருந்தாளியை 'ஒரம்பரை' என்பது எங்கள் பக்கத்து வழக்கு. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குள் ஏதோ ஒன்று இளகும். உடனே ஏதோ ஒன்று எரியும். இரண்டும் ஒரே இடத்தில்தான் நிகழ்கின்றன.

2

கதிர்வேலும் நானும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். கோவையில் ஒரே பம்புத் தொழிற்சாலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பின்னர் அந்தத் தொழிற்சாலையை ஜெர்மானியர்கள் வாங்கினார்கள். தலைமையகத்தில் ஓர் இடம் இருப்பதாகவும், கோவையிலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். முதலில் கேட்கப்பட்டவன் கதிர்வேல். அவன் ஒரே நாளில் விடை சொன்னான்.

"எனக்கு இங்கயே நல்லாத்தானுங்க இருக்குது."

பிறகு என்னைக் கேட்டார்கள். ஆகவே, கதிர்வேல் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன வாழ்வைத்தான் நான் பதினேழு ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து உறவினர்கள் பெருமூச்சு விடுவார்கள். நான் கதிர்வேலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். அவன் தேநீர்க் கடையில் நுழைந்தால் கடைக்காரர் கேளாமலேயே அவனுக்குச் சர்க்கரையைக் குறைக்கிறார். இங்கே நான் பதினேழு ஆண்டுகளாக ஒரே ரொட்டிக் கடைக்குப் போகிறேன். நாள்தோறும் என் வேண்டுகோளை முழு வாக்கியமாகச் சொல்கிறேன்.

பொறாமை என்று நான் அப்போது அதற்குப் பெயரிடவில்லை. 'ஒப்பீடு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

3

என் மகள் கயல் இந்த ஆண்டு ஆறு மாதப் பயிற்சிக்குக் கோவை சென்றிருக்கிறாள். ஏற்பாடு செய்தவன் நானே. கருமத்தம்பட்டியில் உள்ள எங்கள் சோதனைக் கூடத்தில் பயிற்சி; தங்குவது கதிர்வேலின் வீட்டில்.

கயலுக்குத் தமிழ் கற்பித்தவனும் நானே. சனிக்கிழமைதோறும் உணவு மேசையில் அமர்த்தி, எழுத்தும் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தேன். அவள் வாயிலிருந்து பிழையான சொல் ஒன்று வந்தாலும் அதை அங்கேயே நிறுத்தித் திருத்தாமல் விட்டதில்லை. பத்து வயதில் அவள் நன்றாக எழுதினாள். பதினான்கு வயதில் என்னிடம் தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டையிட்டு நிறுத்தவில்லை, ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போவதுபோல இயல்பாக ஜெர்மனுக்குப் போய்விட்டாள். கோவையிலிருந்து ஞாயிறுதோறும் அவள் என்னோடு பேசும் ஐந்து நிமிடமும் ஜெர்மன்தான். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்பாள். நான் தமிழில் கேட்பேன். அவள் ஜெர்மனில் நன்றாக இருப்பாள்.

4

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். எனக்குக் காலை ஒன்பதரை. கோவையில் நண்பகல் ஒரு மணி. கதிர்வேலின் திரையில் பெட்டியைத் தோன்றச் செய்தேன். வழக்கம்போல ஒரே கணத்தில் ஒப்புதல்.

"நீ பாத்துட்டு இரு. நான் போயி ரெண்டு வாய் சாப்பிட்டுப்போட்டு வாரேன்" என்று தொலைபேசியை வைத்தான்.

வேண்டாத நிரல்களை நிறுத்திக்கொண்டிருந்தேன். திரையின் வலது மூலையில், அலுவலகச் செய்திச் செயலியிலிருந்து ஒரு வரி எழும்பி வந்தது. அனுப்பியவர் பெயர் கயல். தமிழ் எழுத்தில் இருந்தது.

'மாமா, அப்பாகிட்ட இன்னும் சொல்லலீங்க.'

அவ்வளவுதான். சில நொடிகளில் மறைந்துவிட்டது. வேலையை முடித்து வெளியே வந்தேன். இதுவரை நான் குற்றமற்றவன், இதுவரை மட்டுமே.

எதைச் சொல்லவில்லை என்ற கேள்வி அன்று முழுவதும் என்னோடு இருந்தது. அதைவிட, 'சொல்லலீங்க' என்ற அந்த ஒரு சொல் உறுத்தியது. என் மகளின் தமிழை ஏழாண்டுகளுக்குப் பிறகு காண்கிறேன். அது எனக்கு எழுதப்பட்டதன்று.

கணினி நிர்வாகியிடம் இன்னொரு சாவி உண்டு. ஆளில்லா நேரத்தில் பழுதுபார்ப்பதற்காக, அனுமதிப் பெட்டி தோன்றாமலேயே நுழையும் வழி அது. பயனருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அந்த விதியை நிறுவனத்துக்காக எழுதியவர்களில் நானும் ஒருவன். செவ்வாயன்று, கோவையில் எல்லோரும் சாப்பிடப் போகும் வேளையில், அந்த வழியாகக் கதிர்வேலின் பூட்டப்படாத கணினிக்குள் நுழைந்தேன்.

செவ்வாயன்று நான் படித்தது இவ்வளவே: 'அத்தை இன்னிக்கு அரிசிம்பருப்பு சோறு குடுத்து உட்டாங்க. இங்க எல்லாருக்கும் குடுத்துப்போட்டேன், எனக்கே பத்தலீங்க.' அத்தை என்பது கதிர்வேலின் மனைவி. எங்கள் வீட்டில் அதே சோற்றை அவள் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவாள்.

புதனன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் பேருந்தில் அவள் வாந்தியெடுத்த கதை. கதிர்வேலின் மனைவி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டே வந்தாராம். அந்தப் பயணத்தைப் பற்றி என்னிடம் அவள் சொன்னது, மலை அழகாக இருந்தது என்பது மட்டுமே.

ஒவ்வொரு நாளும் தேடிவந்ததை விட்டுவிட்டு வேறொன்றைப் படித்தேன். அவள் உண்டது, சிரித்தது, தலைவலித்தது. அவை அனைத்தும் ஒருவனுக்குக் கேளாமலே கிடைக்கின்றன. சர்க்கரை குறைத்த தேநீரைப் போல.

வியாழனன்று தேடியது கிடைத்தது. பயிற்சி முடிந்தபின் கோவையிலேயே வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கயலுக்கு அங்கேயே இருக்க விருப்பம். அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: 'அப்பாகிட்ட பேசறது பரீட்சை எழுதற மாதிரி இருக்குதுங்க மாமா. நீங்களே சொல்லிப்போடுங்க.'

கதிர்வேலின் விடை: 'உங்கொப்பன் கண்டிப்பானவன், கெட்டவன் இல்ல கண்ணு. உன்ற சங்கதிய நீதான் சொல்லோணும். நான் சொன்னா முறையா இருக்காது.'

பொறாமை கொண்டவனுக்கு வாய்க்கக்கூடிய மிகப் பெரிய துன்பம், எதிராளி பழுதற்றவனாக இருப்பது. அந்த வரியில் ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அதை மூன்றுமுறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது திரையில் சுட்டி என் கையை மீறி அசைந்தது. கதிர்வேல் இருக்கைக்குத் திரும்பி, சுட்டெலியைத் தொட்டுவிட்டான். நான் உடனே வெளியேறினேன்.

5

வெள்ளியன்று ஒரு புகார் பதிவாயிற்று. 'கோவைக் கிளை: பயனர் இல்லாதபோது கணினி தானாக இயங்கியது. யாரோ நுழைந்திருக்கலாம். விசாரிக்கவும்.' கோவையின் புகார்கள் எனக்குத்தான் வரும். விசாரிக்க வேண்டியவனும் நானே.

கதிர்வேல் தொலைபேசியில் சிரித்தான். "மாப்ள, பேய் பூந்த மாதிரி அம்பு தானா ஓடுதப்பா. யாருன்னு கண்டுபுடிச்சுக் குடு."

"பார்க்கிறேன்" என்றேன்.

நுழைவுகளின் பதிவேடு தலைமையகத்தில் இருக்கிறது. மாதந்தோறும் அதைச் சரிபார்ப்பவன் நான். மூன்று வரிகளை நீக்கிவிட்டு, 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினால் புகார் முடிந்துவிடும். அப்படியே செய்துவிடலாம் என்று ஐந்து நாள் இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை மல்லிகா அழைத்தாள். கோவைக் கிளையில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர் அவள். கருமத்தம்பட்டியில் இருந்து வந்து போகிறாள். வீட்டில் நான்கு விசைத்தறிகள் இருந்து, இப்போது ஒன்று மட்டும் ஓடுகிறது என்று முன்பு சொல்லியிருக்கிறாள்.

"சார், ஒரு நிமிசம் பேசலாமுங்களா? கதிர்வேல் சார் சிஸ்டத்துல பூந்தது நான்தான்னு மேனேஜர் நெனைக்கறாருங்க. மத்தியானம் எல்லாரும் கேண்டீன் போறப்ப நான் சோத்துப் போசியத் தொறந்து அங்கயே உக்கார்ரேனுங்களா, அதான். அட்மின் பாஸ்வேர்டும் இங்க என்கிட்ட மட்டுந்தான இருக்குதுங்க."

"உன்னைக் குற்றம் சொன்னாரா?"

"வாய் விட்டுச் சொல்லலீங்க. இந்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது, ரிப்போர்ட் வரட்டும் பாக்கலாமுன்னாருங்க. ஏனுங்க சார், ரிப்போர்ட் நீங்கதான எழுதறீங்க?"

"ஆம்."

"அப்பப் பயமில்லீங்க. உள்ளதத்தான எழுதுவீங்க" என்றாள். சற்றுப் பொறுத்து, "இருந்தாலும் வெள்ளிக்கெழம ஆனைமலைக்குப் போறேனுங்க. மாசாணியம்மன் கோயில்ல மொளகா அரைச்சுப்போட்டு வந்தர்றேன். செஞ்சவங்க யாரா இருந்தாலும் எரியட்டுமுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பொருள் திருடு போனவரும், பொய்ப்பழி சுமந்தவரும் அந்தக் கோயிலுக்குப் போய், அங்குள்ள கல்லில் மிளகாயை அரைத்து அம்மனுக்குப் பூசி முறையிடுவார்கள். குற்றம் செய்தவன் உடல் மிளகாய் பட்டதுபோல் எரியும் என்பது நம்பிக்கை. நான் நம்பிக்கை உடையவன் அல்லன். ஆயினும் தொலைபேசியை வைத்தபின், வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் என்று எண்ணினேன். பதினேழு ஆண்டுகள் இந்நாட்டின் குளிரில் இருந்தும், அந்தக் கல் என்னை வந்தடையும் தொலைவில்தான் இருக்கிறது.

'குறை எதுவும் காணப்படவில்லை' என்று நான் எழுதினால் மல்லிகாவின் மீதுள்ள ஐயம் அப்படியே நின்றுவிடும். மாத முடிவில் அவள் வேலையை இழப்பாள். 'உள்ளதத்தான எழுதுவீங்க.' ஒப்புதல் பொத்தானை ஒரே கணத்தில் அழுத்தும் அதே ஊரின் குரல் அது.

6

வியாழன் காலை, தரவுக் காப்பு அலுவலரான ஹைக்கே அம்மையாரிடம் போனேன். இந்நாட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் படிவம் உண்டு. 'அணுகியதன் நோக்கம்' என்ற இடத்தில் நான்கு விடைகள்: பழுதுபார்த்தல், பாதுகாப்பு, பயனரின் வேண்டுகோள், பிற. 'பிற' என்பதைக் குறித்து, விளக்கத்துக்கான கட்டத்தில் ஒரே சொல்லை எழுதினேன்.

ஹைக்கே அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என் ஜெர்மன் தவறும் இடங்களைப் பல ஆண்டுகளாகப் பரிவோடு திருத்தி வருபவர் அவர்.

"அக்கறை என்று எழுத நினைத்தீர்களா? மகளைப் பற்றிய கவலை? அப்படியென்றால் வேறு சொல் இருக்கிறது."

"இல்லை, பொறாமைதான். சொல் சரியாகவே இருக்கிறது" என்றேன்.

அவர் அதை அப்படியே பதிவு செய்தார். பிறகு அங்கிருந்தே கோவை மேலாளருக்கு, மல்லிகாவுக்கு இதில் தொடர்பில்லை என்று கடிதம் போயிற்று. நான் வெளியே வந்து கதிர்வேலை அழைத்தேன்.

"கதிரு, உன்ற சிஸ்டத்துல பூந்தது நான்தான்."

"திங்கக்கெழம நாந்தான உள்ள விட்டேன்?"

"அதுக்குப் பொறவு மூணு நாள். கேக்காம வந்தேன்."

"என்னத்துக்கு?"

"கயல் உனக்கு எழுதறதப் படிக்க."

அவனுக்குப் பின்னால் யாரோ ஒருவர் யாரையோ "ஏனுங்கோ" என்று அழைத்தது கேட்டது. அந்த நிலையிலும், அந்தக் குரல் கேட்கும் அறையில் அவன் இருப்பதை நான் கவனித்தேன்.

"மல்லிகாகிட்டச் சொல்லீட்டயா?" என்று கேட்டான். முதலில் கேட்டது அதைத்தான்.

"கடிதம் போய்விட்டது. இனி அவளிடமும் பேசுவேன்."

"மொதல்ல அதப் பண்ணு." பிறகு குரல் தாழ்ந்தது. "என்ற கடுதாசி, என்ற போட்டோ, என்ற சம்பளச் சீட்டு, எது வேணும்னாலும் பாத்துக்கடா. உனக்கு நான் கதவச் சாத்துனதே இல்ல. ஆனா அந்தப் புள்ள எழுதுனது என்றது இல்லியே. அந்த எடத்துக்கு உன்னக் கூட்டிட்டுப் போக எனக்கே உரிமையில்லப்பா."

இருபது ஆண்டுகளாகக் கணினி நிர்வாகம் செய்கிறேன். நுழைவதற்கு இசைவு தருபவர் ஒருவர், உள்ளே இருப்பவர் பலர் என்பதை எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சொன்னவன் கதிர்வேலாக இருக்க வேண்டியதில்லை என்று அப்போதும் நினைத்தேன்.

மல்லிகா நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். திட்டவில்லை. "நீங்களாவே சொன்னீங்களே" என்றாள். மறுவாரம் ஒரு வேலைக்காகப் பேசியபோது, தானாகவே சொன்னாள்: "சார், நேந்துக்கிட்டதுங்க, போகாம இருக்கக் கூடாது. வெள்ளிக்கெழம போயி அரைச்சுப்போட்டுத்தான் வந்தேன். ஆனா யாரு பேரும் சொல்லலீங்க. அம்மா, எரிஞ்ச வரைக்கும் போதும்னு மட்டும் சொன்னேனுங்க."

எனக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை கிடைத்தது. தொலைவிலிருந்து நுழையும் உரிமை ஓராண்டுக்கு நீக்கப்பட்டது. இப்போது மடிக்கணினிகளை எண்ணி அலமாரியில் வைக்கிறேன். கோவையின் புகார்களை யோனாஸ் என்ற இளைய சகபணியாளர் பார்க்கிறார். அந்த ஊரில் எல்லோரும் ஏன் முதலில் அவருடைய சாப்பாட்டைப் பற்றியே விசாரிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். விளக்கினேன். அவரிடமும் எனக்கு இப்போது அந்த எரிச்சல் உண்டு.

7

கயலிடம் ஞாயிறன்று சொன்னேன். ஐந்து நிமிடம் போதவில்லை. ஜெர்மனில் தொடங்கினாள், பாதியில் தமிழுக்கு வந்தாள். கோபம் அவளைக் கொண்டுவந்து சேர்த்த இடம் அது.

"எதெல்லாம் படிச்சீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். சோறு, பேருந்து, வேலை, பரீட்சை.

"படிக்கறப்ப என்ற தமிழ்ல இருந்த தப்பெல்லாம் எண்ணுனீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "முதல் நாள் மட்டும்" என்றேன்.

"நான் இங்கயே இருக்கப் போறேன்ப்பா. இது நான் சொல்றது" என்றாள்.

"சரி. அடுத்த மாதம் நான் அங்கே வரலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்க முப்பது நொடி என்று நானே நூற்றுக்கணக்கானவர்களுக்கு எல்லை வைத்திருக்கிறேன். அவள் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். நான் மறுபடி கேட்கவில்லை. ஒன்பது நாளும், ஒவ்வொரு மாலையும் அவளை நேரில் காணும் ஒருவன் இருக்கிறான் என்பதை எண்ணாமலும் இல்லை.

பத்தாம் நாள் அலமாரியின் முன் நின்றுகொண்டிருந்தேன். கதிர்வேல் அழைத்தான்.

"ஏனுங்க ஜெர்மனிக்காரரே, அடுத்த மாசம் வாரீங்களாமா? கயலு வரச் சொல்லீட்டாளாமா. மேல் ரூமைக் கூட்டி வெக்கட்டுமா?"

"எப்போது சொன்னாள்?" என்றேன். அந்தக் கேள்வியின் பொருள் அவனுக்கு மெல்ல விளங்கிற்று.

"அடக் கருமமே. உன்கிட்ட இன்னும் சொல்லலையா அவ?"

"இல்லை."

"நேத்து எங்கிட்டச் சொன்னா. உனக்கும் சொல்லியிருப்பாளாக்கும்னு... தப்புப் பண்ணீட்டனே. அவ சொல்ல வேண்டியத நான் வாய உட்டுட்டனே. மாப்ள, அவ சொல்றப்ப நான் சொன்னதாவும் சொல்லீரு. ஒளிக்காத."

"சொல்கிறேன்" என்றேன்.

பதினேழு ஆண்டுகளில் கதிர்வேலிடம் நான் கண்ட முதற் குறை அது. அன்று மாலை கயலின் செய்தி வரும்வரை, வந்த பின்னும், நான் மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தேன். என் மனைவி காரணம் கேட்டாள். மகள் வரச் சொல்லியிருக்கிறாள் என்றேன்.